முப்பத்தொன்றாம் பக்கத்தில் நின்ற சீப்பு

மேடையில் வீற்றிருக்கும் தலைமை ஆசிரியை அவர்களே, தலைப்பின்னல்காரர் சங்கத் தலைவி அவர்களே, கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் அபெயோகுடா நகரப் பெருமக்களே, ஜொலோஃப் சோற்று வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும் முகம் தெரியாத அன்பர்களே! பஞ்சர் கடை அயின்லா பேசுகிறேன். என் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. ஒரு மரியாதைக்காகப் பிடித்திருக்கிறேன்.

யார் போய்விட்டார்? ஒரு பின்னல்காரியா? இல்லை! மூவாயிரம் தலைகளைத் தன் பத்து விரல்களால் ஆண்ட பேரரசி, வீட்டுப்பாடங்களின் சிம்ம சொப்பனம், செகிலோலா அம்மையார் போய்விட்டார்!

அவர் கடைக்கும் என் கடைக்கும் நடுவே பதினெட்டு ஆண்டுகளாக ஒரு தகரச் சுவர்தான். ஞாயிறு மதியமானால் பள்ளிப் பெண் குழந்தைகள் வரிசை கட்டுவார்கள். மடியில் புத்தகம் இல்லாமல் அந்த முக்காலியில் எவளும் உட்கார்ந்ததில்லை. சட்டம் ஒன்றே: வாய் படித்தால் விரல் பின்னும், வாய் நின்றால் விரலும் நிற்கும். கணக்குப் பாடமா? "ஒரு வரிசைக்கு ஏழு நிமிஷம், ஒம்பது வரிசை. எப்போடி வீட்டுக்குப் போவே?" கதைப் பாடமா? பக்கத்துக்குப் பக்கம் ஒரே கேள்வி: "அப்புறம் என்ன ஆச்சு?"

அந்தக் கேள்வியால் நான் பட்ட பாடு! ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் ஆமைக் கதை. ஆமை மாட்டுமா, தப்புமா என்று காதைத் தகரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு லாரி டயருக்குக் காற்றடித்தேன். நிறுத்த மறந்தேன். டயர் வெடித்ததில் ஓட்டுநர் பக்கத்து நகரம் இபாடானில் போய் விழுந்தார்! ஆனாலும் ஆமை தப்பித்துவிட்டது, ஐயா!

ஒரு சுங்க அதிகாரியின் மகள், "படிக்க மாட்டேன்" என்று புத்தகத்தை மூடினாள். பாதி அறுவடையான வயல் மாதிரி தலையோடு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாள். மாலையில் தாய் வந்து நின்றார்.

"எம் பொண்ணு தலையை அரைகுறையா விட்டுட்டியேம்மா!"

"அவ கதையை அரைகுறையா விட்டாளே, அதை யாரு கேக்கிறது?"

அடுத்த ஞாயிறு வரிசையில் முதல் ஆள் அந்தப் பெண்தான், மடியில் புத்தகத்தோடு!

இப்போது மூன்றாம் வரிசையைப் பாருங்கள். தொப்பி போட்டு, மடியில் புத்தகத்துக்குள் ஒரு விரலை வைத்திருக்கும் சின்னப் பெண், பிசோயே. தொப்பிக்குக் கீழே பாதித் தலைதான் பின்னியிருக்கிறது. பத்து நாளுக்கு முன் அவள் முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தபோது அம்மையாருக்குத் தலை சுற்றியது. "கொஞ்சம் இருடி, வந்திடறேன். எடத்தை விட்டுடாதே, விரலை வச்சுக்கோ" என்று உள்ளே போனார். வரவில்லை.

அன்றிலிருந்து இந்தப் பெண் யாரையும் தலையைத் தொட விடவில்லை. பாதித் தலையோடு வராதே என்று பள்ளியும் சொல்லிவிட்டது. தலைமை ஆசிரியை அவர்களே, முறைக்காதீர்கள், உண்மைதானே! "வேற ஆள்கிட்ட பின்னிக்கோயேன்மா" என்று நானும் கெஞ்சினேன்.

"அவங்க நல்லாத்தான் பின்னுவாங்க, மாமா. மீதிக் கதையை யாரு கேப்பா?"

அவள் தாய், சாயத்துணிக்கடை ஒமோடாராவிடம் போனேன். "எனக்கு நேரம் ஏதுண்ணே? பின்னினாலும் கோணலா வரும்."

வரட்டுமே! கோணல் பின்னலுக்காக எந்தக் குழந்தையாவது பள்ளி வாசலில் நிறுத்தப்பட்டால், தலைமை ஆசிரியை அவர்களின் கார் டயர்களுக்கு நான் பொறுப்பல்ல!

மக்களே, சிலை வேண்டாம், தெருவுக்குப் பெயர் வேண்டாம். ஞாயிறு மதியம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தலை, ஒரு சீப்பு, ஒரு புத்தகம், கேட்க ஒரு காது. உறுதி ஏற்போமா? ஞாயிறு மதியம் என் காற்றடிக்கும் இயந்திரம் இனி வாயே திறக்காது. இது பஞ்சர் கடை அயின்லாவின் சத்தியம்!

ஒமோடாரா, எழுந்திரு. இந்தா, அம்மையாரின் சீப்பு. பிசோயே, மேடைக்கு வா; தொப்பியைக் கழற்று. யாரும் சிரிக்கக் கூடாது. உரக்கப் படி, கண்ணு. விரலை இனி எடுக்கலாம்.

நான் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் என்ன ஆச்சு?