முன்வாரை

இல்லம்மா, வெறும் வயிறுதான். காபித் தண்ணிகூடக் குடிக்கல. வயசு அறுபத்தி மூணுன்னு எழுதிக்கோ. சர்க்கரை வேணாம், அது பார்த்தாச்சு. யூரிக் ஆசிட் ஒண்ணு பார்த்துடு, அப்புறம் நெஞ்சுக்கு ஈசிஜி. டாக்டர் சீட்டா? இல்லையே. நானாத்தான் வந்தேன். அதுக்குன்னு திருப்பி அனுப்பிடாதம்மா.

எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க அண்ணனுக்குத்தான் இருந்துச்சு. ஏகாம்பரம்னு பேரு. ரெண்டு பேருக்கும் பட்டுத் தறிதான். போன வருஷம் அவருக்குக் காலு கட்டைவெரல் செவந்து வீங்கிப்போச்சு. போர்வை பட்டாக்கூடக் கத்துவாரு. தறி மிதிக்கிற காலு, அப்படித்தான் இருக்கும்னு நல்லெண்ண தடவிக்கினு இருந்தோம். டாக்டர்தான் ரத்தத்தப் பார்த்துட்டு யூரிக் ஆசிட் ஏறிக்கெடக்குதுன்னாரு. இந்த வயசுல அது ஏறுனா வெரலோட நிக்காது, நெஞ்சையும் ஒருதரம் பார்த்துக்கணும், எக்கோ எடுத்துடுங்கன்னாரு.

எங்க எடுத்தாரு? மாத்திரை போட்டதும் வலி போயிடுச்சு. வெரலு எங்க, நெஞ்சு எங்க, காசு புடுங்குறானுங்கன்னுட்டாரு. இது சாமி தூக்குற நெஞ்சுடான்னு என்னையே அதட்டுவாரு. ஆமாம்மா, எங்க தெருக் கோயில் உற்சவத்துக்கு நாங்கதான் தூக்குறது. வாரைன்னு சொல்லுவோம், தோள்ல வைக்கிற மூங்கிலு. அவரு முன்வாரை. அவருக்கு நேர் பின்னாடி நானு.

கையா? இந்தக் கையிலயே எடு.

இந்த வாட்டி உற்சவத்துல, தெருமுனை திரும்புற எடம். மேளக்காரன் வேகமா அடிச்சிக்கினு இருந்தான், நாங்களும் ஓட்டமாப் போய்க்கினு இருந்தோம். டக்குனு முன்னாடி அண்ணன் தலையக் காணல. கீழ கெடக்குறாரு. நின்னிருக்கலாமேன்னு நீ நெனைப்ப. நிக்க முடியாதும்மா. அத்தினி பாரம், பின்னாடி ஆளுங்க தள்ளிக்கினு வராங்க. ஒருத்தன் நின்னா மொத்தமும் சாஞ்சி அவரு மேலயே விழும். வாரைய விடல. தாண்டிட்டேன். கூடப் பொறந்தவர, காலத் தூக்கி வெச்சித் தாண்டிட்டேன். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. என்னப் பார்த்தாரா இல்லையான்னு தெரில. சாமிய எறக்கிட்டு ஓடியாறதுக்குள்ள ஆளு இல்ல.

யாரக் கேட்டாலும் நீ செஞ்சது சரிதான்றாங்க. சரிதான். சோறுதான் எறங்க மாட்டேங்குது.

பஞ்சு போதும்மா, ரத்தம் நின்னுடுச்சு. சாயந்தரம் ரிசல்ட்டு கெடைக்கும்ல? ஏறியிருந்தா ஏறியிருக்குதுன்னு பச்சையாச் சொல்லிடு, மழுப்பாத. தெருப் பெரியவங்க கூடிப் பேசுறாங்க. அண்ணன் எடம் இனிமே எனக்குத்தானாம். ஒண்ணும் இல்லன்னு சொன்னேனே, அது பொய்யிம்மா. எனக்கும் கட்டைவெரலு செவந்துதான் கெடக்குது. வீட்டுல யாருக்கும் தெரியாது.

சாவுக்குப் பயமா? சேச்சே, அதில்லம்மா. நான் முன்வாரைக்குப் போயிட்டா, எனக்கு நேர் பின்னாடி வரப்போறவன் எம்பையன் தினேஷு. அவன் என்னத் தாண்டிக்கினு போற மாதிரி ஆயிடக் கூடாது.