நாற்சந்தியில் நின்றுபோன பழைய கார் குறித்து

நான் மெக்கானிக். வயது ஐம்பத்து நான்கு. தபால் நிலையத்துக்குப் பின்னால், டயர் கடையை ஒட்டிய பட்டறையில் தொழில் செய்து அதன் மாடியிலேயே குடியிருக்கிறேன். இன்று மாலை நாற்சந்தியில் கார் நின்று இருபத்தைந்து நிமிடம் போக்குவரத்து தடைபட்டது பற்றியும், லாரி டிரைவரை நான் திட்டியதாக அவர் கொடுத்த புகார் பற்றியும் விசாரித்ததில் நான் கூறுவதாவது:

மேற்படி கார் எங்கள் பக்கத்துத் தெரு நர்ஸம்மாவின் கணவருடையது. பதினெட்டு வருடமாக ஷெட்டில் நின்றது. இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள், அதன் பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை. இந்தக் காரின் முன்சீட் நடுவில் பிரியாமல் ஒரே நீளமாக இருப்பதால் அதில் மட்டும்தான் அவரால் நகர்ந்து நகர்ந்து உட்கார முடியும். இன்று மாலை ஐந்து மணிக்குள் கார் தானாக ஓடி வாகன அலுவலகத்துக்கு வராவிட்டால் பதிவு ரத்து என்று கடிதம் வந்திருந்தது.

நான் மூன்று வாரம் வேலை பார்த்தேன். டேங்கில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. அதை வடித்து, டேங்கைக் கழுவி, ரப்பர் குழாய்களை மாற்றி, பெட்ரோல் பம்பைச் சரிசெய்து, அதன் பிறகு கார்பரேட்டரை மூன்று தடவை பிரித்துச் சுத்தம் செய்தேன். ஷெட்டில் இன்ஜின் மணிக்கணக்கில் ஓடியது. அப்போதெல்லாம் பெட்ரோல் ஊற்ற வசதியாக டேங்க் மூடியைக் கழற்றியே வைத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்று மூன்றே முக்காலுக்கு நர்ஸம்மா மூடியை இறுக்கித் திருகிவிட்டு வண்டியை எடுத்தார். கணவர் முன்னால், நான் பின்னால். நாற்சந்தியில் வண்டி நின்றுபோனது. நான் பம்பைப் பிரித்தேன், அதன் பிறகு கார்பரேட்டரைப் பிரித்தேன், இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. அப்போது லாரி டிரைவர் இதைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார். நான் ஒரு வார்த்தை சொன்னது உண்மை. அந்த வார்த்தையைப் பதிய வேண்டியதில்லை என்று காவலர் கூறினார்.

அதன் பிறகுதான் டேங்க் மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போவதற்கு மூடியில் ஊசிமுனை அளவு துளை உண்டு, காற்று போகாவிட்டால் பெட்ரோல் இன்ஜினுக்கு வராது; அந்தத் துளை மெழுகால் அடைபட்டிருந்தது. பதினெட்டு வருடமும் வாரம் தவறாமல் வண்டிக்கு மெழுகு பாலிஷ் போட்டுத் துடைத்தவர் நர்ஸம்மா.

"நானேதான் அடைச்சு வெச்சிருக்கேனா?" என்று அவர் அழுதார்.

"அழுறதை அப்புறம் பாத்துக்கலாம். ஊக்கு இருந்தா அவர்கிட்ட குடு" என்றார் கணவர்.

ஊக்கால் துளையைக் குத்தித் திறந்தேன். அதற்குள் பேட்டரி இறங்கிவிட்டதால் வண்டியைத் தள்ளித்தான் கிளப்பினோம். தள்ளியவர்களில் ஒருவர் அந்த லாரி டிரைவர், தள்ளிவிட்டும் புகார் கொடுத்தது அவர் இஷ்டம். இன்னொருவர் இதை எழுதும் காவலர். தன்னைச் சேர்க்க வேண்டாம் என்றார். சேர்க்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

நாலே முக்காலுக்கு வாகன அலுவலகம் போய்ச் சேர்ந்தோம், பதிவு புதுப்பிக்கப்பட்டது. அதன் பிறகு அவர்கள் என்னை இந்தக் காவல் நிலைய வாசலில் இறக்கிவிட்டார்கள். இப்போது மணி ஏழு. காரையும் பார்க்க வேண்டும் என்று காவலர் அவர்களுக்குப் போன் செய்தார். கணவர் எடுத்து, கடல் வரைக்கும் வந்துவிட்டதாகவும், இப்போதைக்குத் திரும்பும் உத்தேசம் இல்லை என்றும் கூறினார்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதும் நடந்ததும் இதுவே.

(ஒப்பம்)
மெக்கானிக்