செய்து காட்டிய பாடம்

மனித குலம் அறிய வேண்டிய மகத்தான அறிவிப்பு இது: கின்னர்டி கோல்ஃப் கிளப்பின் சிறார் பாதுகாப்பு நன்னடத்தை விதிகள் இருபத்தேழில் ஒன்றைக்கூட நான் மீறியதில்லை. அவற்றை எழுதியவனே நான்தான், இன்ஸ்பெக்டர். கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்னாள் தலைவர்களின் படங்களுக்கு நடுவே மாட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவரில் படிக்கத் தகுந்தது அது ஒன்றுதான்.

பதினோரு வருடமாக நான் சிறார் நல அலுவலர். சம்பளம் கிடையாது, நீல பேட்ஜ் உண்டு. பச்சைக் கோட்டுப் போட்ட மூத்த உறுப்பினர்கள் கிளப்பில் நாற்பது பேர். நீல பேட்ஜ் ஒருவனிடம் மட்டும்.

இன்னஸ் ராட்ரே போன வசந்தத்தில் பயிற்சியாளனாக வந்தான். இருபத்தாறு வயது. பிள்ளைகள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை என்னைக் கார் நிறுத்துமிடத்தில் மடக்கினான்.

“ஆர்ச்சி, அய்ல்சாவோட மணிக்கட்டு கன்னிப்போயிருக்கு. நாலு விரல் பதிஞ்ச மாதிரி. நீங்கதான்னு சொல்றா.”

“பத்து வயசுப் பொண்ணு. எங்கயாவது இடிச்சிருப்பா.”

“பிள்ளை சொன்னா நம்பி எழுதிக் குடுக்கணும். நீங்க எழுதின விதிதானே? நாளைக்குச் சாயங்காலம் கமிட்டிக்குக் குடுக்கறேன். அதுவரைக்கும் பிள்ளைங்க பக்கம் வராதீங்க. அந்த பேட்ஜையும் கழட்டி வச்சிருங்க.”

விதியைச் சரியாகத்தான் சொன்னான். கிளப்பில் அதை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பயிற்சித் திடலுக்குப் போனேன். பதினோரு பிள்ளைகள், பெஞ்சில் ஃப்ளாஸ்க்கோடு மூன்று தாய்மார்கள். பெரியவர்கள் எதைச் செய்தாலும் எல்லோர் கண்ணிலும் படும்படி செய்ய வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் வழக்கம் எனக்கில்லை.

“பேட்ஜைக் கழட்டல போல,” என்று இன்னஸ் என் காதருகே முணுமுணுத்தான். பிள்ளைகள் முன்னால் பெரியவர்கள் சண்டை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் சிரித்தான்.

பிள்ளையைத் தொட்டுத் திருத்தக் கூடாது. வேறொரு பெரியவரை வைத்து, அவர் சம்மதத்தோடு, செய்து காட்ட வேண்டும். இதுவும் விதி.

“இன்னஸ், உங்களை வச்சு ஒண்ணு காட்டட்டுமா?”

“தாராளமா,” என்றான், பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடித்து. “தாத்தா வித்தை காட்டப் போறாரு. நல்லா பாத்துக்குங்க.”

குனிந்து, பந்தைப் பார்த்தபடி நின்றான். அருமையான நிலை. தலை அசையவே இல்லை.

“எல்லாரும் வெள்ளைக் கயித்துக்குப் பின்னால போங்க,” என்றேன். ஒரு சின்னவளின் ஷூ கயிற்றைத் தாண்டியிருந்தது. அவள் நகரும்வரை காத்திருந்தேன்.

ஏழாம் எண் இரும்பு மட்டை. முதல் வீச்சு அவன் காதுக்கு மேலே பட்டது. எடை பின்காலில் தங்கிவிட்டது, என் பழைய குறை. அவன் மண்டியிட்டு “ஆர்ச்சி” என்றான். இரண்டாவது சுத்தம், மண்டை பிளந்த சத்தம் பெஞ்சுவரை கேட்டிருக்கும். மூன்றாவதில் மட்டையின் தண்டு வளைந்தது. வளைந்த தண்டால் இன்னும் நான்கு. முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒரு தாய் கைபேசியைத் தூக்கினாள். “மிஸஸ் லோரிமர், பிள்ளைங்க இருக்கற இடத்துல படம் எடுக்கணும்னா எல்லாப் பெற்றோரும் கையெழுத்துப் போடணும்,” என்று நினைவூட்டினேன். கைபேசியைக் கீழே போட்டுவிட்டாள்.

பெயர்ந்திருந்த புல்லுக்கு மண் தூவிக் காலால் அழுத்தினேன். எங்கள் ஆட்டத்தில் அது மரியாதை. பிறகு பேட்ஜைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் வரும்வரை அந்தத் தாய்மார்கள் பார்வையிலேயே நின்றேன். பிள்ளைகளோடு ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அய்ல்சாவைப் பற்றிக் கேட்டீர்கள். மட்டையை எப்போதும் தப்பாகவே பிடிப்பாள். எத்தனை தடவை வாயால் சொல்வது?

அந்த நான்கு விரலும் என்னுடையவைதான். நான் அப்படிப் பிடித்துத் திருத்தியதில் அவள் ஏழாவது பிள்ளை.