முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு சுவர்

கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் பேருந்து. ஒரு வளைவில் சன்னல் வழியே ஏறிய மேகம் அடுத்த வளைவில் இறங்கிக்கொண்டது. என் முன்னிருக்கையில் ஓர் அம்மாள் கொதித்துக்கொண்டிருந்தார்.

"அந்த எஞ்சினியரு வீட்டைப் பாக்க வந்தாரா, கன்னத்துல போட்டுக்க வந்தாரா?"

"மெதுவாப் பேசு," என்றார் கணவர். மடியில் அவருடைய பஞ்சாமிர்தக் கடையின் பெயர் போட்ட பை. "பக்தியான மனுசன். சுவரெல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டாருல்ல?"

"எந்தச் சுவரு? மேட்டுப் பக்கத்துச் சுவத்துல ஆளுயரத்துக்கு முருகன் படம். செருப்பைக் கழட்டினாரு, கும்பிட்டாரு, அடுத்த ரூமுக்குப் போயிட்டாரு. நான் படத்தைத் தூக்கிப் பாத்தேங்க. பின்னாடி என் கை நுழையுற விரிசல். உள்ள ஒரே ஈரம்."

"சாமி படத்தையா தூக்குன?"

"மலை மேல நிக்கிறது பத்தாதுன்னு அவரைச் சுவத்தையும் தாங்க வச்சிருக்கான் வீட்டுக்காரன். அதைக் கேக்க மாட்டீங்க!"

"புரோக்கர் கூட்டியாந்த ஆளு, பொய்யா சொல்வாரு?"

"பொண்ணு பாக்கப் போறவுக பொண்ணோட தாய்மாமன்கிட்டயா விசாரிப்பாக? இருக்குற கடையை வித்து வாங்கப் போற வீடுங்க இது!"

கணவர் மடியிலிருந்த பையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கைபேசியை எடுத்தார்.

"புரோக்கர் தம்பி, நாளைக்கு அக்ரிமென்ட் வேணாம். எஞ்சினியரை இனி நாங்களே பாத்துக் கூட்டியாறோம்." மனைவியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அதுக்கு முன்னாடி அந்த முருகனைக் கீழ இறக்கி உக்கார வைங்க. அவரு தாங்குனது போதும்."