மச்சான் கடித்துப் பார்த்த தண்டு

நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொள்ளட்டுமா? வெளிச்சம் இல்லாமல் பேசி எனக்குப் பழக்கமில்லை.

இருபத்திரண்டு வருஷமாக இங்கிலாந்தின் பழைய புகைக்குழாய்களைச் சேர்க்கிறேன். புகைப்பதில்லை, இருமல் வரும். புகையிலை போடும் கிண்ணம் வேர்க்கட்டை, வாயில் வைக்கும் தண்டு கெட்டி ரப்பர். முதலில் உடைவது தண்டுதான். வேறொன்றைச் செருகி அசல் என்று விற்பார்கள். அசல் தண்டு வெளிச்சம் பட்டுப் பாசி நிறமாகியிருக்கும். கட்டையோடு சேருமிடத்தில் நகத்தை ஓட்டினால் இடறாது. இதைக் கற்பதற்குள் என் கண்ணே பாதி போய்விட்டது.

மச்சானுக்குக் கண்ணே தேவைப்படவில்லை. என் மனைவியின் ஒரே அண்ணன். தண்டைப் பல்லிடுக்கில் வைத்து ஒரு கடி, உடனே தீர்ப்பு. பாதிக்கு மேல் தப்பு. ஆனாலும் எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தில் எல்லோரும் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். நான் காரணம் சொல்ல ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்கள். பத்து வருஷம் இப்படி. வெறுத்துப்போயிற்று எனக்கு.

போன மாதக் கூட்டத்தில், வெள்ளிப்பூண் போட்ட என் குழாயைக் கடித்தார். என்னிடம் இருப்பதிலேயே உயர்ந்தது.

"தண்டு மாத்துனது மாப்ள. ஆனைக்கும் அடி சறுக்கும், விடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அது அசல். எத்தனை முறை சொன்னேன், ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிட அழைத்தேன். விஷம் கிடைத்த விதத்தை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன், இன்ஸ்பெக்டர். சாப்பிட்ட பிறகு அதே குழாயை நீட்டினேன். தப்பிக்க வழி கொடுக்காமல் இல்லை.

"கடிக்காம சொல்லுங்க மச்சான். நகத்தால தடவிப் பாருங்க."

"பல்லு இருக்கறப்ப நகம் எதுக்கு?" என்று கடித்தார். "அன்னைக்கே சொன்னேன்ல, மாத்துனதுதான்."

கொஞ்ச நேரத்தில் சரிந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்து, "அண்ணே, அண்ணே" என்று உலுக்கினாள். நான் குழாயைத் தேடி எடுத்தேன். விழுந்ததில் பூண் நசுங்கியிருந்தது. நகத்தால் நிமிர்த்தப் பார்த்தேன்.

கொன்றது நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் எழுதாதீர்கள். அசல் தண்டில் விஷம் தடவ எனக்கு மனம் வரவில்லை. அதைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி வைத்துவிட்டு, வேறொன்றைச் செருகியிருந்தேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னது சரி. சங்கத்துக்காரர்களுக்கு அது தெரிய வேண்டாம்.