சரிவில் மூன்று மணி வெயில்

இந்த அறையின் சன்னல் கண்ணாடியை யாராவது ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் நன்றாக இருக்கும். குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதுகிறீர்கள், எழுதுகிறவருக்கு வெளிச்சம் வேண்டும். அந்தக் கண்ணாடியில் படிந்திருக்கும் அழுக்கு நூற்றில் பத்துப் பங்கையாவது தின்றுவிடும். என் தொழில் அது, அதனால் கண்ணில் படுகிறது.

என் தொழிலைக் கேட்டீர்கள். ஒரு துண்டு நிலத்தின் மேல் எந்த நாளில், எந்த மணியில், எவ்வளவு வெயில் விழும் என்று கணக்குப் போடுவேன். மேகமில்லாத வானம் என்று முதலில் வைத்துக்கொள்வோம். தூசி இல்லை, புகை இல்லை. மனிதன் மூச்சே படாத வானம். நாளும் மணியும் ஊர் இருக்கும் இடமும் தெரிந்தால் போதும், மீதியைத் தாளில் எழுதிவிடலாம். பத்தொன்பது வருடமாக இதைச் செய்கிறேன். அலுவலகத்தில் என்னை வெயில்காரர் என்பார்கள். வெயில்காரர் குடையில்லாமல் வாசல் தாண்ட மாட்டார் என்று கிண்டலும் உண்டு. உண்மைதான். வேர்ப்பது எனக்குப் பிடிக்காது.

கணக்கைச் சரிபார்க்க அலுவலக மொட்டைமாடியில் ஒரு கருவி இருக்கிறது. உள்ளங்கை அளவுக் கண்ணாடிக் குமிழ், அதற்குள் ஒரு கறுப்புத் தட்டு. மேகமில்லாத நாளில் கருவி காட்டுவதும் நான் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குமிழில் அழுக்கு என்று பொருள். தினமும் காலை ஆறு மணிக்குக் குமிழைத் துடைக்க ஒரு ஆள் உண்டு. ஆறரைக்கு நான் ஏறிப்போய், சுத்தமாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒருமுறை வருடிப் பார்த்துவிட்டு இறங்குவேன். பிறரை நம்பி விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை.

கடந்த மூன்று வருடமாக அந்தத் துடைக்கும் ஆள் என் மனைவியின் தம்பி. அவன் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போய்விடுவான் என்று சொல்லித்தான் என் மனைவி அவனை வீட்டுக்குள் விட்டாள். முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. இரண்டு வாரம் மூன்று வருடமானது. வேலையும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நன்றி கெட்டவன் என்று அவனைச் சொல்ல மாட்டேன். சாப்பிடும்போதெல்லாம், "மாமா இல்லேன்னா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்" என்பான். வாயில் சோறு இருக்கும்போதே சொல்வான். அதில் இரண்டு பருக்கை என் பக்கம் வந்து விழும்.

அருவருப்பு என்ற சொல்லை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. குடத்துச் செம்பை வாயில் வைத்துக் குடிப்பான். குளித்துவிட்டு ஈரத்துண்டை என் நாற்காலியின் முதுகில் போடுவான். செய்தித்தாளை நாக்கைத் தொட்டுத் தொட்டுப் புரட்டுவான். அவனுக்குப் பிறகு அந்தத் தாள் என் கைக்கு வரும், மூலைகளெல்லாம் ஊறியிருக்கும். கால் நகத்தைக் கூடத்தில் உட்கார்ந்து வெட்டுவான். ஒருநாள் என் செருப்புக்குள் ஒரு துண்டு கிடந்தது. சுத்தம் சோறு போடும் என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். இவனுக்கு அக்காள் சோறு போட்டாள், அதனால் சுத்தம் தேவைப்படவில்லை.

என் கை வெடித்திருப்பதை நீங்கள் நேற்றே கவனித்தீர்கள். தோல் வியாதி இல்லை, பயப்படாதீர்கள். அவன் வந்த பிறகு ஒரு நாளைக்கு முப்பது தடவை கழுவ ஆரம்பித்தேன். தோல் வறண்டு பிளந்துவிட்டது. காலையில் எழுந்ததும் களிம்பு தடவிக்கொண்டால்தான் பேனா பிடிக்க முடியும்.

அவன் துடைக்க வந்த பிறகு, கருவி காட்டுவது என் கணக்கை விடக் குறைய ஆரம்பித்தது. நூற்றுக்கு நான்கு பங்கு, சில நாள் ஐந்து. மேகம் இல்லை, தூசி இல்லை. கணக்கில் பிழை இல்லை என்று மூன்று முறை பார்த்துவிட்டேன். ஒருநாள் வழக்கத்தை விட அரைமணி முன்னதாக மாடி ஏறினேன். அவன் குமிழின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து, அதைக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றே?" என்று கேட்டேன்.

"தண்ணியில போக மாட்டேங்குது மாமா. தொடைக்கத் தொடைக்க மறுநாள் ஏதோ பிசுக்கு ஏறிடுது. எச்சிலுக்குத்தான் விடுது" என்று சிரித்தான்.

பத்தொன்பது வருடத்துக் கணக்கு, அதன் மேல் ஒருவனுடைய எச்சில். கீழே போய்க் கை கழுவினேன். நான் தொட்டது ஒன்றுமில்லை, இருந்தும் கழுவினேன். அன்றே அவனை மாடியிலிருந்து எடுத்துவிட்டேன். ஊருக்கு வெளியே வறண்டு கிடந்த ஏரியின் உட்கரையில் கல் பதிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது, அங்கே ஆள் தேவைப்பட்டது. அவனும் முகம் சுளிக்காமல் போனான். வீட்டை விட்டு மட்டும் போகவில்லை. இப்போது கல் தூசியோடும் வேர்வையோடும் அதே துண்டை அதே நாற்காலியில் போட்டான்.

அந்தக் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்கே பார்த்த சரிவு, முப்பது பாகை. அதாவது மேசையில் கிடக்கும் உங்கள் கோப்பின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிச் சன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். படுத்திருந்தபோது மங்கலாக இருந்தது, சாய்த்ததும் பளிச்சென்று ஆகிறதல்லவா. வெளிச்சம் மாறவில்லை, கோப்பின் சாய்வுதான் மாறியது. நிலமும் அப்படித்தான். பிற்பகல் மூன்று மணிக்குச் சமதளத்தில் வெயில் தாழ்ந்துவிடும். மேற்குச் சரிவில் அதே வெயில் நேருக்கு நேராக வந்து விழும். நாலு மணிக்குக்கூடச் சமதளத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். காலையில் தலைகீழ், அந்தச் சரிவு வெகுநேரம் தன் நிழலிலேயே கிடக்கும்.

இதெல்லாம் தெரியாமலேயே அங்கே இருந்த மேஸ்திரி சரியாக நடத்திக்கொண்டிருந்தார். விடிந்ததும் ஆட்களை இறக்குவார், பத்தரைக்கு ஏற்றிவிடுவார். பிற்பகலில் வேலையே கிடையாது. அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஒரு விதி வந்தது. வெயில் ஒரு அளவைத் தாண்டும் நேரத்தில் திறந்தவெளி வேலை கூடாது, எந்த நேரம் என்பதற்குக் கணக்குப் போட்டு அட்டவணை ஒட்ட வேண்டும். ஆட்களைக் காப்பாற்றத்தான் அந்த விதி. அட்டவணை என் மேசைக்கு வந்தது.

நான் சரிவுக்குத்தான் முதலில் போட்டேன். மாலை வேலை அறவே கூடாது என்று வந்தது. தேதி எழுதி, கையெழுத்திட்டு, இழுப்பறையில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துச் சமதளத்துக்கு ஒன்று போட்டேன். காலை ஆறு முதல் ஒன்பது, பிறகு ஓய்வு, மூன்று முதல் ஆறு வேலை. ஒரு எண் கூடத் தப்பில்லை, நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துச் சரிபார்க்கலாம். தலைப்பில் "சமதளத்துக்கு" என்ற ஒரு சொல் இருக்க வேண்டும். அதை எழுதவில்லை.

கரை வேலையின் பொறியாளர் அதை வாங்க வந்தபோது, "சரிவுல வேலை செய்யறவங்களுக்குத்தானே சார் இது?" என்று கேட்டார்.

"மேகமில்லாத நாளுக்கு" என்றேன். அதுவும் உண்மைதான்.

மேஸ்திரி அவர் பின்னால் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அட்டவணையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "மூணு மணிக்கா? அந்நேரத்துக்கு அந்தக் கரையில காக்கா கூட உக்காராது சார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆவுமா?" என்றார். அவர் பேசும்போது எச்சில் தெறித்தது. நான் மேசையைத் துடைத்தேன்.

அவர்கள் போய் ஒட்டினார்கள். விதி என்றால் விதி, மேஸ்திரி என்ன செய்வார்.

முதல் நாள் மாலை மச்சினன் வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டாம் நாள் சாப்பாடு இறங்கவில்லை. என்னிடம் வந்து நின்றான்.

"மாமா, மூணு மணிக்கு வெயில் எறங்கும்னு போட்டிருக்கீங்க. கீழ தரையில எறங்குது, சரிதான். எங்களுக்கு நேரா மூஞ்சியில அடிக்குது. கல்லுல கை வைக்க முடியல. நீங்க ஒருதடவ வந்து பாருங்களேன்."

"கணக்கு தப்பாது" என்றேன்.

"கணக்கு தப்புன்னு சொல்லல மாமா. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும். எங்க உடம்புதான் என்னமோ..." என்று தலையைச் சொறிந்தான்.

சமையலறையிலிருந்து என் மனைவி, "அவன் சொல்றத ஒருதடவ காது குடுத்துக் கேளுங்களேன்" என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். படிக்காதவன், கருவி இல்லாதவன், வெறும் முதுகுத்தோலால் என் இழுப்பறைக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டானே என்று ஆச்சரியமாக இருந்தது. இழுப்பறை அவன் நின்ற இடத்திலிருந்து நாலடி. திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்திருந்தால் மறுநாள் பத்தரைக்கு வீடு திரும்பியிருப்பான். திரும்பி வந்து அந்த நாற்காலியில் துண்டைப் போட்டிருப்பான். நான் எழுந்து கை கழுவப் போனேன்.

மூன்றாம் நாள் நாலு மணிக்குக் கால்மணி முன்பு சரிவிலிருந்து உருண்டான். மருத்துவமனைக்கு நான் போனபோது உடம்பு தீயாக இருந்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. வெயில் அடித்தால் கடைசியில் அப்படித்தான் ஆகும் என்று மருத்துவர் சொன்னார். அவ்வளவு வேர்த்தவன் காய்ந்துபோய், வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தான். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவன் பக்கத்தில் முகம் சுளிக்காமல் என்னால் நிற்க முடிந்தது. விளக்கு வைப்பதற்குள் போய்விட்டான்.

கொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தீர்களா என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். தங்காமல் ஊரைவிட்டு ஓடிவிடுவான் என்று முதலில் நினைத்ததாகச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எனக்கு வராது, ஆகவே திருத்திக்கொள்கிறேன். ஓட மாட்டான் என்று தெரியும். நான்கு நாள் தாங்குவான் என்று போட்டிருந்தேன். மூன்றில் முடிந்தது. என் கணக்கில் வந்த பிழை அது ஒன்றுதான்.

அட்டவணையை மறுநாளே ஏன் எடுக்கவில்லை என்பது உங்கள் அடுத்த கேள்வி. மறுநாளே எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் எட்டு நாள் விட்டுவைத்தேன். அந்த எட்டு நாளில் சாந்து சுமக்கும் ஒரு பெண்ணும், ஆறாம் நாள் அந்த மேஸ்திரியும் அதே வெயிலில் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பெண்ணை நான் பார்த்தது கூட இல்லை. அவர்கள் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது, இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் ஒழுங்குதான். நான் தேதி போடாமல் எந்தத் தாளையும் வைப்பதில்லை. தம்பியின் படம் ஒன்று இருக்குமா என்று தேடி என் மனைவி இழுப்பறையைத் திறந்தாள். கணக்கு அவளுக்குப் புரியாது. மேலே "மேற்குச் சரிவுக்கு" என்றிருந்தது புரிந்தது, "மாலை வேலை கூடாது" என்றிருந்தது புரிந்தது, தேதி புரிந்தது. தாளை என் முன்னால் நீட்டி, "அவன் வந்து கேட்டப்போ இது உள்ளதான் இருந்துதா?" என்றாள். ஆமாம் என்றேன். பொய் சொல்வது அசிங்கம். அவள் என்னைத் தொடாமல் சுவரோரமாக ஒதுங்கி நடந்து வெளியே போனாள், நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அவள் ஒதுங்கிய விதம் எனக்குப் பழக்கமானது. நான் அவனைத் தாண்டிப் போகும்போது அப்படித்தான் போவேன்.

இன்று காலை நீங்கள் ஒரு செய்தி சொன்னீர்கள். மாடியிலிருந்த கண்ணாடிக் குமிழைக் கழற்றி உங்கள் ரேகை நிபுணரிடம் கொடுத்திருக்கிறீர்கள். அவன் மாடியை விட்டுப் போன பிறகும், செத்த பிறகும், புது ஆள் தினமும் தண்ணீரால் துடைத்தும், அதில் பிசுக்கு ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. கைக்குத் தடவும் களிம்பு என்கிறார் நிபுணர். நட்ட நடுவில் ஒரே கட்டைவிரல், தினமும் அதே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக. அது என்னுடையது.

நான் அதை யோசித்துப் பார்த்தேன். அவன் ஆறு மணிக்குத் துடைத்திருக்கிறான். ஆறரைக்கு நான் அழுக்காக்கியிருக்கிறேன். மறுநாள் அவன் என் பிசுக்கைத்தான் நாக்கால் தொட்டு எடுத்திருக்கிறான். நூற்றுக்கு நான்கு பங்கு, ஐந்து பங்கு, எல்லாம் நான்தான். எண்ணிக்கை சரியாக வருகிறது, மறுக்கவில்லை. இருந்தாலும் அவன் கண்ணாடியில் எச்சில் வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன், அது இல்லையென்று ஆகிவிடாது.

மூன்று பேரையும் தெரிந்தேதான் சரிவில் விட்டேன். அப்படியே எழுதுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன். கட்டைவிரல் ரேகையும் வேண்டுமென்றால் வைக்கிறேன். அந்த மைப்பெட்டி மட்டும் வேண்டாம், கண்ட கண்டவர்கள் விரல் வைத்தது. யாரும் தொடாத புதிய பெட்டி ஒன்று வாங்கிவரச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.