துரியான் காம்பு

எனக்குப் பாதம் கொஞ்சம் அகலம், துவான் ஐயா. சைக்கிள் ஷூ கிடைப்பதே கஷ்டம். ஷூ கிடைத்த சந்தோஷத்தில் பெடலைத் தப்பாக வாங்கிவிட்டேன். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

அந்த ஷூவின் அடியில் ஒரு கட்டை இருக்கும். மிதித்தால் பெடலோடு பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளியே திருப்பினால் விடும். சுல்ஹைரி கடைக்குக் கூடவே வந்தான். தோட்டத்தில் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றுகிற என்னை அண்ணே என்று கூப்பிடுபவன், எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தில் அவன் ஒருவன்தான்.

"அண்ணே, இத எடுங்க. எந்தப் பக்கம் திருப்புனாலும் கால் வந்துடும்."

"அது சின்னப் பசங்களுக்கு. பந்தயக்காரன் போடுறத எடு."

"பந்தயத்துக்கா போறோம்? தே தாரிக் குடிக்கத்தானே போறோம்!"

ஐம்பத்திரண்டு வயதில், தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு பந்தயப் பெடலையே வாங்கினேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலை விடுவிக்க முடியாமல் நின்ற இடத்தில் சாய்கிறவன் துரியான்; பழுத்தால் தானாக விழுகிற பழம் அல்லவா. காய்ந்த துரியான் காம்பு ஒன்றை அவன் ஹேண்டில்பாரில் கட்டிவிடுவார்கள். அடுத்தவன் விழும்வரை அவன்தான் சுமக்க வேண்டும். நான் பதினோரு வாரம் சுமந்தேன். சிக்னலில் விழுந்தேன். சாப்பாட்டுக் கடை வாசலில் விழுந்தேன். ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே விழுந்தேன். "பழுத்துடுச்சுடா!" என்று பதினான்கு பேர் கத்துவார்கள். வீட்டில் என் மனைவி ரொஹாயாவும் காம்பைப் பார்த்துச் சிரித்தாள்.

சுல்ஹைரி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"பெடலுக்குப் பின்னால ஒரு திருகு இருக்குண்ணே. தளர்த்துனா லேசா விடும். இறுக்குனா ஆளையே விடாது" என்று திருகு முடுக்கும் சாவியை என் கையில் கொடுத்துக் காட்டினான். என்னுடையதைத் தளர்த்த மானம் இடம் தரவில்லை.

போன ஞாயிறு, வழியில் இருந்த சூராவ் தொழுகைக் கூடத்தில் அவன் தொழுதுகொண்டிருந்தபோது அவனுடைய இரண்டு பெடல்களிலும் திருகை முட்டும்வரை இறுக்கினேன். சுத்தமான வேலை. அங்கிருந்து செம்பனை ஆலை முச்சந்திவரை ஒரே இறக்கம். யாரும் காலை எடுக்க வேண்டியதில்லை.

"இன்னைக்கு என்னமோ இறுக்கமா இருக்குண்ணே."

"குளிருடா தம்பி" என்றேன்.

விழட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். அது விளையாட்டு. ஏழரைக்கு அந்த முச்சந்தியில் செம்பனை லாரி வரும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். முந்தின நாள் அதில் குலை ஏற்றியதே நான்தான். அத்தனை பாரத்தோடு அது சட்டென்று நிற்காது என்பதும் தெரியும். ஆனால் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒன்றாக நிற்கிற இடம் அது ஒன்றுதானே.

வேகம் குறைந்ததும் குதிகாலை இரண்டு முறை திருப்பிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். வலப்பக்கம், சாலைப் பக்கமாகச் சாய்ந்தான். லாரி அவன்மேல் ஏறித்தான் நின்றது.

யாரும் "பழுத்துடுச்சு" என்று கத்தவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் என் காம்பை அவிழ்த்து அவன் சைக்கிளில் கட்டினேன். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அதை நீங்கள் தடயம் என்று எடுத்துப் போய்விட்டீர்கள். பரவாயில்லை. கூட்டத்தில் யாராவது கேட்டால், காம்பு இப்போது என்னிடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள், துவான்.